புதுக் கட்டை

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்க சார், இது இடிக்கும். மேலே கம்பித் தட்டில் வைக்கலாம்தான். வளைவில் உருண்டு யார் தலையிலாவது விழுந்தால் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். மடியிலேயே இருக்கட்டும். நாதஸ்வரமா என்று கேட்டீங்க இல்லையா, கண்டக்டரும் அதையேதான் கேட்டார். அவருக்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். போர்வை சுற்றியிருப்பதால் அப்படித் தெரிகிறது. உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. வத்தலக்குண்டு வரைக்கும் தோளோடு தோள் உட்கார்ந்து வரப் போகிறோம். இது துப்பாக்கி சார். ரைஃபிள். எழுந்திருக்காதீங்க, உள்ளே ஒன்றும் இல்லை. குண்டெல்லாம் தனியாக ஒரு டப்பாவில், அண்ணன் பையில் இருக்கிறது.

அண்ணன் அதோ, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். தலை தெரியாது, சீட்டுக்கு மேலே பச்சைத் துண்டு மட்டும் தெரிகிறது பாருங்க, அவர்தான். சுருளியப்பன். லைசென்ஸ் அவர் பேரில். லைசென்ஸ்காரர் கூடவே வந்தால் இன்னொருத்தர் தூக்கிக்கொண்டு வரலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, நான் படித்துப் பார்த்துவிட்டேன். சண்டையா? அதெல்லாம் இல்லை. நீங்க ஏறுவதற்கு முன்னால் இந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுமாம். ஐம்பது வருஷமாக இதே ரோட்டில் ஏறி இறங்குகிறவர், இப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருக்கிறது போல.

ஸ்டேஷனில் ஒப்படைக்கத்தான் போகிறோம். திரும்ப எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டேன். அது மேலே இருந்து வரணும் என்றார்கள். நாங்களே மலை மேலே இருந்துதான் வருகிறோம், அதற்கும் மேலே எது என்று தெரியவில்லை.

உங்களுக்கு ஈச்சங்காடு தெரியுமா? கடைசி வளைவுக்கு அப்புறம் இடது பக்கம் ஒரு மண் ரோடு இறங்குமே, அதுதான். காப்பி, மிளகு, மலை வாழை, கொஞ்சம் பீன்ஸ். எல்லாம் அண்ணன் பார்வை. நான் அங்கே பிறந்தவன்தான், ஆனால் அஞ்சாவது முடித்ததும் அப்பா என்னைக் கீழே கான்வென்டில் சேர்த்துவிட்டார். அண்ணன் எட்டாவதோடு நின்றுகொண்டார். தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அவருக்கும் படிப்பில் அவ்வளவு ஆசை இல்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நான் அப்புறம் காலேஜ், அப்புறம் புனே. இருபது வருஷத்துக்கு மேலே. தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனிகளுக்குக் கையேடு எழுதுகிற வேலை. பம்பை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது, எதை எப்போது தொடக் கூடாது, இந்த மாதிரி. கேட்டால் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் ஒரு வாக்கியத்தைப் படிக்கிறவன் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இருக்கக் கூடாது. நான் எழுதினதை யாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு புகார் வந்ததில்லை. இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று வீட்டுக்காரி அங்கேயே இருக்கிறாள். நான் முன்னால் கிளம்பி வந்துவிட்டேன், அண்ணனுக்கு ஒத்தாசையாக இருக்கலாமே என்று.

வந்த நேரம் தேர்தல் முடிந்திருந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும், தெரியுமில்லையா? ஒவ்வொரு தடவையும் அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பார், முடிந்ததும் போய் வாங்கி வருவார். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இந்தத் தடவை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். வைத்ததும் கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. குழலும் போல்ட்டும் இரும்பு, அதற்கு ஒன்றுமில்லை. தோளில் பொருத்துகிற மரக்கட்டை முழுக்கக் கரையான். அவர்கள் வைத்திருந்த அறையில் ஓதம் அடித்திருக்கிறது. மேலே பாலீஷ் அப்படியே இருக்கிறது, உள்ளே வெறும் மாவு.

நானாக இருந்தால் அப்படியே திரும்பிப் போய் ஒரு வழி பண்ணியிருப்பேன். அண்ணன் சிரிக்கிறார். "கரையானும் ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்குடா" என்கிறார். ஒரு மூங்கில் துண்டை வைத்துக் கட்டுக் கம்பியைச் சுற்றிவிட்டால் போதுமாம். பன்றியை விரட்டத்தானே, வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டால் ஓடிவிடும், அதற்கு மூங்கில் போதும் என்கிறார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அப்பா பிடித்த துப்பாக்கி. அதில் போய் மூங்கிலும் கம்பியுமா? வீட்டுக்கு நாலு பேர் வந்து போகிற காலம் வரப் போகிறது. தோட்டத்தின் தெற்கு மூலையில் ரெண்டு அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு, அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. அந்த மாதிரி இடத்தில் சுவரில் ஒரு பழைய ரைஃபிள் மாட்டியிருந்தால் எப்படி இருக்கும் சொல்லுங்க. அதனால் முறையாகச் செய்வோம் அண்ணே, புதுக் கட்டை போடுவோம், அதற்கு முன்னால் அனுமதி கேட்டு ஒரு மனு கொடுப்போம் என்றேன்.

மனு எதுக்குடா, மூங்கிலுக்கு மனுவா என்று கேட்டார். அப்புறம் நான் விடவில்லை என்றதும், "சரி, கட்டை போயிருச்சுன்னு தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். நான் சொன்னேன், "கட்டை போயிருச்சுன்னு எழுதினா சுருளியப்பன் செத்துட்டார்னு நினைச்சு லைசென்ஸையே ரத்துப் பண்ணிருவாங்கண்ணே." மதினி சமையல்கட்டிலிருந்து சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். அப்படி எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

ஆக, இங்கிலீஷில் எழுதினேன். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு இங்கிலீஷில் ஸ்டாக் என்று பெயர் சார். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாமா? பழைய ஸ்டாக் பயன்படாமல் போய்விட்டது, புதிய ஸ்டாக் வாங்கிக்கொள்ள அனுமதி தர வேண்டும். இவ்வளவுதான். மரம் என்கிற வார்த்தையைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஸ்டாக் என்றாலே மரந்தான், ஒரே பொருளை ரெண்டு தடவை சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எடுத்துவிட்டேன். அண்ணன் அடியில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கு என்று கேட்டார், கட்டை போயிருச்சுன்னுதான் என்றேன். மறுபடியும் சிரித்தார்.

பதில் வரவில்லை. வாழை தார் விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பன்றிக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, துப்பாக்கி ஊமையான சேதி அதற்குத் தெரிந்துவிட்டது. குட்டியும் தாயுமாக இறங்கி வாழைக் கிழங்கைக் கிண்டுகிறது. அண்ணன் ஒரு எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு தட்டப் போவார். காலையில் கண் ரெண்டும் மிளகாய் மாதிரி சிவந்து வருவார். மூங்கில் கட்டட்டுமாடா என்று மறுபடி கேட்டார். மனு போயிருக்கும்போது அப்படிச் செய்தால் தப்பாகிவிடும் அண்ணே என்றேன். அதுவும் சரிதான் என்று டின்னை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் எனக்கே பொறுக்கவில்லை. அனுமதி வருகிறபோது வரட்டும், கட்டை தயாராக இருக்கட்டும் என்று நானே கீழே சவரிமுத்து மேஸ்திரியைப் பிடித்தேன். கதவு, நிலை, சவப்பெட்டி, எல்லாம் செய்கிறவர். துப்பாக்கியா, வேணாம் சார், நான் பிள்ளைகுட்டிக்காரன் என்றார். மனு கொடுத்தாயிற்று, நகல் இருக்கிறது என்று காட்டினேன். இங்கிலீஷ் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது. மரத்துக்கு எங்கே போவது என்றார். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கட்டில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. தோதகத்தி, ஈட்டி மரம். இப்போது அந்த மாதிரி மரம் கிடைக்குமா? நீளச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது மதினி சீராகக் கொண்டுவந்த கட்டில் என்று அப்புறம்தான் தெரிந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரணில் கிடக்கிற பொருளில் பெயரா எழுதியிருக்கிறது?

சுடுகிறவரை வரச் சொல்லுங்க, கை அளவு வேண்டும் என்றார் மேஸ்திரி. அது உண்மைதான், நானும் கம்ப்யூட்டரில் பார்த்திருந்தேன். கட்டையின் அடிப்பக்கத்தை முழங்கை மடிப்பில் முட்டக் கொடுத்தால் ஆள்காட்டி விரல் விசையில் போய் உட்கார வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான். அண்ணன் எங்கே வருவது? தோட்டத்தை விட்டு அசைய முடியாமல் இருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே, என் கையை அளந்துகொள்ளுங்க என்றேன். அண்ணன் உங்க உயரமா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன். அண்ணன் என் தோளுக்கு இருப்பார், சின்ன வயசிலேயே மூட்டை தூக்கினவர். ஆனால் கைக்கும் உயரத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இருக்குமா என்ன?

மேஸ்திரி வேலை செய்கிற அழகு இருக்கிறதே, அதை நீங்க பார்க்க வேண்டும். விளக்குப் புகையில் கரி பிடித்து எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் பூசுவார். அதை மரத்தில் வெட்டின பள்ளத்தில் மெதுவாக வைத்து அழுத்தி எடுப்பார். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அதுதான் உறுத்துகிற இடம். அந்த இடத்தை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி எடுத்து. இரும்பு மரத்தோடு இழைகிற வரைக்கும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உறுத்துகிற இடம் தானாகக் கறுத்துக் காட்டிக்கொடுக்கிறது, எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்க. மனுஷர்களுக்கு இப்படி ஒரு மை இருந்தால் எவ்வளவு தொல்லை குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. குழல் கட்டையைத் தொடவே கூடாது, பின்பக்கம் திருகு பிடிக்கிற இடம் தவிர மற்ற இடமெல்லாம் ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி வேண்டும், அப்போதுதான் குறி தப்பாது என்று நான் படித்திருந்தேன். மேஸ்திரிக்குக் கோபம். இவ்வளவு நேரம் இழைச்சது எதுக்கு, ஒன்றை ஒன்று தொடாம எப்படி சார் தாங்கும் என்கிறார். இப்போதெல்லாம் அப்படித்தான் என்றேன். வேண்டா வெறுப்பாகச் சீவிக் கொடுத்தார். பஸ் டிக்கெட்டை நடுவில் விட்டு நுனிவரைக்கும் இழுத்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அண்ணன் முகத்தை நீங்க பார்த்திருக்க வேண்டும். மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினார். மதினி வந்தது, கட்டையில் ஓடின வரியைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. அண்ணன் தோளில் வைத்துப் பார்த்தார். அக்குளில் இடித்தது. துண்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். விரல் விசைக்குப் பக்கத்தில் போய் நின்றது. புதுச் செருப்பு மாதிரிதானே, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி யாரு கையை அளந்தாரு?" என்று கேட்டார்.

"என் கையைத்தான்ணே."

"அதானே" என்றார். அப்புறம், "நீ பிடி, பாப்போம்" என்று என்னிடம் கொடுத்தார்.

பிடித்தேன். அப்படியே வார்த்த மாதிரி உட்கார்ந்தது சார். கன்னம் போய்ப் படிகிற இடத்தில் கன்னம், விரல் போகிற இடத்தில் விரல். அண்ணன் ரெண்டு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உனக்கு எடுப்பாத்தான்டா இருக்கு" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்பா போனதுக்கு அப்புறம் அவர் என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. அதிலிருந்துதான் கொஞ்சம் பேச்சுக் குறைந்தது என்று நினைக்கிறேன். களைப்பு. தூக்கம் கெட்டால் யாருக்கும் அப்படித்தான். பன்றிக்கு மறுபடி டின்னைத்தான் எடுத்துக்கொண்டு போனார். துப்பாக்கி இருக்கும்போது டின் எதுக்குண்ணே என்று கேட்டேன். புதுசு, கீறல் விழுந்துரும் என்றார்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்க. ஸ்டேஷனிலிருந்து அண்ணனுக்கு ஆள் வந்தது. நானும் கூடப் போனேன், ஆனால் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்கிறது.

"என்ன சுருளி, ஸ்டாக் வச்சிருக்கியாமே?" என்கிறார் எஸ்.ஐ.

"இருக்குங்கய்யா" என்கிறார் அண்ணன்.

"எவ்வளவு இருக்கு?"

"இந்த வருஷம் சுமார்தாங்கய்யா. பின்னாடி அறையில அடுக்கி வச்சிருக்கேன்."

"அடுக்கி வச்சிருக்கியா? எதுக்கு?"

"நேரம் வரட்டும்னுதாங்கய்யா. நேரம் பாத்து வெளிய விட்டாத்தானே பிரயோசனம்."

"உன்கிட்ட மட்டுந்தான் இருக்கா?"

"எல்லார்கிட்டயும் இருக்குங்கய்யா. ஒச்சப்பன்கிட்ட என்னை விட அதிகம். டீக்கடை ராசு கட்டிலுக்கு அடியிலயே வச்சிருக்கான்."

புரிகிறதா சார்? எங்கள் மலையில் ஸ்டாக் என்றால் மிளகு. விலை ஏறட்டும் என்று எல்லாரும் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஸ்டாக் அது ஒன்றுதான். மேலே அலுவலகத்தில் எவனோ ஒருத்தன் என் மனுவைப் படித்துத் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறான். என்னவென்று தெரியுமா? மனுதாரர் புதிய இருப்பு வைத்துக்கொள்ள அனுமதி கோருகிறார். இருப்பு! தோட்டா இருப்பு! பழைய இருப்பு பயன்படாமல் போய்விட்டதாம். எதற்குப் பயன்படாமல் போனது, விசாரி என்று கீழே அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஜீப் நிறையப் போலீஸ் மேலே ஏறி வந்தது. ஒச்சப்பன் வீடு, ராசு கடை, எங்கள் வீடு. பின்னாடி அறையைத் திறந்து முதல் மூட்டையைக் கிழித்தார்கள். ஸ்டேஷன் எழுத்தர் குனிந்து கையை விட்டுப் பார்த்தார், தும்ம ஆரம்பித்தவர் ஜீப் ஏறுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. எஸ்.ஐ. நல்ல மனுஷன் சார். முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து சிரியோ சிரி என்று சிரித்தார். மதினி காப்பி கொடுத்தது. சொற்குழப்பத்தால் வந்த தவறான தகவல் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறேன் சுருளி, நீ போய் வேலையைப் பாரு என்றார். ஊர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், எங்களை ஏன்டா இழுத்துவிட்டாய் என்று ஒச்சப்பன் அண்ணனிடம் ரெண்டு நாள் பேசவில்லை. மற்றபடி அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. என் வார்த்தையை ஒருத்தன் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறான். அது அப்படியே பதிவில் கிடக்கலாமா? நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிறபோது அண்ணனுக்குத்தானே சிக்கல். அதனால் ஒரு விளக்கம் எழுதினேன். இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. ஸ்டாக் என்றால் மரக்கட்டை, அது இன்ன மரம், இன்னார் செதுக்கினார், குழல் இந்த முறையில் பொருத்தப்பட்டது, இடைவெளி இவ்வளவு என்று முழுக்க எழுதி, முன்பக்கம் பின்பக்கம் என்று போட்டோவும் வைத்தேன். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அய்யாதான் முடிச்சுட்டேன்னு சொல்லிட்டாரேடா, விட்டுருடா என்றார். கெஞ்சுகிற மாதிரி சொன்னார். எதற்குப் பயப்படுகிறீங்க, உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன் என்றேன். போட்டார்.

அதற்கு மட்டும் பதில் உடனே வந்தது. அனுமதி இல்லாமல், உரிமம் பெறாத ஆளைக் கொண்டு ஆயுதத்தில் மாற்றம் செய்யப்பட்டிருப்பதை மனுதாரரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார். விசாரணை முடிகிற வரை லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. துப்பாக்கியை ஒப்படைக்கவும்.

ஒப்புக்கொண்டிருக்கிறாராம். விளக்குவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நான் என்ன செய்ய முடியும்? அந்த அலுவலகத்துக்கு நேரிலும் போனேன். இந்த அறைக்குப் போ, அந்த அறைக்குப் போ. கடைசியில் ஒரு சின்னப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாசம் இருக்கும், மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டைன்னு தமிழ்லயே எழுதியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே சார்" என்றாள். அவளிடம் என்ன பேசுவது? சவரிமுத்து மேஸ்திரி கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். எப்போது வருவார் என்று பக்கத்துக் கடைக்காரனுக்கும் தெரியவில்லை.

வாழை போய்விட்டது சார். தெற்கு மூலை முழுக்க உழுத மாதிரி கிடக்கிறது. அண்ணன் இப்போது டின்னைத் தட்டவும் போவதில்லை. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வகையில் அந்த மூலை சுத்தமாகிவிட்டது, அறை கட்டுவதென்றால் இனி வெட்ட வேண்டியதில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதைச் சொன்னேன். அவர் கை கழுவ எழுந்துவிட்டார். மதினிதான் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னது, "பங்கு வேணும்னா நேராவே கேட்டிருக்கலாம் தம்பி, உங்க அண்ணன் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டாரு" என்று. நீங்களே சொல்லுங்க, நாங்கள் பேசிக்கொண்டிருந்தது துப்பாக்கியைப் பற்றி, பன்றியைப் பற்றி. இதில் பங்கு எங்கே வந்தது? மனசு நொந்தால் பெண்களுக்கு வார்த்தை எங்கெங்கோ போகும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிலும் சொல்லவில்லை. பங்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று இந்தப் பஸ்ஸில் ஏறின பிறகு ஒரு தடவை தோன்றியது. ஆனால் கேட்காததை எப்படி வேண்டாம் என்பது, அதுவும் ஒரு குழப்பத்தைத்தானே உண்டாக்கும்?

இதோ, கணவாய் தாண்டிவிட்டோம், வெக்கை அடிக்க ஆரம்பித்துவிட்டது. போர்வைக்குள் கட்டை சூடாகிறது. தோதகத்தி அப்படித்தான், கை வைத்தால் ஒரு உயிர் மாதிரி இருக்கும். திரும்பவும் அதே அறையில்தான் வைப்பார்களாம், அதே ஓதம், அதே கரையான். கேட்டுப் பார்த்தேன், வேறு இடம் இல்லை என்றார்கள். தோதகத்தியைக் கரையான் தொடாது என்று ஒரு பேச்சு உண்டு. பார்ப்போம்.

அண்ணன் அப்பா செத்த அன்றைக்குக் கூட என்னோடு பேசாமல் இருந்ததில்லை சார். புனேயிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அப்போதும் சாப்பிட்டியாடா என்றுதான் கேட்டார். இப்போது, கடிதம் வந்ததிலிருந்து, ஆமாம், இல்லை, வச்சுட்டுப் போ. காலையில் கிளம்பும்போது துப்பாக்கியை அவர் எடுக்கவே இல்லை. டப்பாவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான்தான் போர்வையைத் தேடிச் சுற்றினேன். ஒரு வார்த்தை திட்டிவிட்டால் கூடப் பரவாயில்லை. என்ன தப்பு என்று தெரிந்தால்தானே சரி பண்ண முடியும்? எங்கே உறுத்துகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டாண்டு வந்துவிட்டது. அவசரப்படாதீங்க, கூட்டம் இறங்கட்டும், இதை வைத்துக்கொண்டு இடித்துக்கொண்டு போக முடியாது. அதோ, எழுந்துவிட்டார். இந்தப் பக்கம்தான் வருகிறார். பின்வாசல் வழியாக இறங்குவார் போல. கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்க சார், வழி விடுங்க.

கேட்டீங்களா? உங்களிடம்தான் சொன்னார், ஆனால் எனக்காகத்தான் சொன்னார். "தம்பியைப் பாத்து இறங்கச் சொல்லுங்கய்யா, கட்டை நீளம்." எவ்வளவு அக்கறை பாருங்க. நான் சொன்னேன் இல்லையா, மனசில் ஒன்றும் இல்லை, களைப்புதான். தம்பி என்று சொன்னார், கவனித்தீங்களா?

ஆனால் நீளமெல்லாம் இல்லை சார். அது அவருக்கு அப்படித் தோன்றுகிறது. முறைப்படி அளந்து செய்தது. நீங்களே பாருங்களேன், ஒரு நிமிஷந்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். கையை மடக்குங்க. போர்வை மேலேயே பார்க்கலாம், இது அடிக்கட்டை, இதை முழங்கை மடிப்பில் முட்டக் கொடுங்க. அப்படித்தான். இப்போது விரலை நீட்டுங்க. இங்கே ஒரு மேடு தட்டுப்படுகிறதா, அதுதான் விசை. இன்னும் கொஞ்சம். இன்னும். தோளை இறுக்காதீங்க, தளர்த்தி விடுங்க. எட்டுகிறதா?

எட்டவில்லையா?

விடுங்க சார். உங்களுக்கும் கை கொஞ்சம் குட்டை.